பண்ணையிலும் பட்டறையிலும் கிடக்கும் ஆங்கிலம்

நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணையில் வேலை செய்யும் ஒருவரிடம் "லேயர்" என்றால் என்ன என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வரும்: முட்டைக்கோழி. பிராய்லர் என்றால் கறிக்கோழி. ஃபீட், ஷெட், கேஜ், ட்ரே, வேக்சின், பேட்ச், மார்ட்டாலிட்டி என்று ஒரு நாள் வேலையில் அவர் வாயில் புழங்கும் ஆங்கிலச் சொற்களை எழுதினால் ஒரு பக்கம் நிரம்பிவிடும். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி ஓட்டுபவர், சங்ககிரி லாரி உரிமையாளர், ஆத்தூர்ப் பக்கத்து சேகோ ஆலைக்காரர், நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர் என்று ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு தனிக் கையிருப்பு உண்டு.

இவர்களின் பிள்ளைகள்தாம் பத்தாம் வகுப்புக்கும் வங்கித் தேர்வுக்கும் ஆங்கிலச் சொல் படிக்க உட்காருகிறார்கள். வீட்டில் கிடக்கும் இந்தக் கையிருப்பைத் தொடாமல், அகராதியின் முதல் பக்கத்தில் தொடங்கி, ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ப் பொருள் என்று உருப்போடுகிறார்கள். 'சி' எழுத்தைத் தாண்டுவதற்குள் 'ஏ' எழுத்தில் படித்ததெல்லாம் மறந்துபோகிறது. மறக்காமல் நிற்கும் சொற்களையும் வாக்கியத்தில் வைக்கத் தெரிவதில்லை.

இந்த அத்தியாயம் வலியுறுத்துவது இரண்டே செய்திகளை. முதலாவது, ஏற்கெனவே தெரிந்த சொல்லிலிருந்து தொடங்குவது. இரண்டாவது, எந்தச் சொல்லையும் பொருளோடு நிறுத்தாமல் ஒரு வாக்கியத்தோடு சேர்த்தே படிப்பது.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. இங்கே ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்தில் அச்சாகியுள்ளன. கற்பவர் தம் நோட்டில் அவற்றை அகராதி பார்த்து ஆங்கில எழுத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். "பேக்" என்று தமிழில் எழுதினால் அது பையா, முதுகா, பொட்டலம் கட்டுவதா, ரொட்டி சுடுவதா என்று தெரியாது. எழுத்துக்கூட்டலும் சொல்லின் ஒரு பகுதிதான்.

லேயரிலிருந்து தொடங்குவது

"லேயர்" என்ற சொல்லுக்குள் "லே" என்ற வினை இருக்கிறது. பொருள்: வை, இடு. முட்டையிடுவதால் அந்தக் கோழிக்கு லேயர் என்று பெயர். இதன் மூன்று வடிவங்கள் லே, லெய்ட், லெய்ட்.

"திஸ் ஹென் லெய்ட் அன் எக் எஸ்டர்டே." இந்தக் கோழி நேற்று ஒரு முட்டை இட்டது.

"லே தி ட்ரேஸ் ஆன் தி ஃப்ளோர்." ட்ரேக்களைத் தரையில் வை.

இதற்குப் பக்கத்திலேயே "லை" என்று இன்னொரு வினை நிற்கிறது. பொருள்: படு, கிட. அதன் வடிவங்கள் லை, லே, லெய்ன். இறந்தகாலத்தில் இதுவும் "லே" ஆகிவிடுவதால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இங்கே தடுமாறுவது உண்டு.

"தி டாக் லே அண்டர் தி லாரி ஆல் நைட்." நாய் ராத்திரி முழுக்க லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்தது.

தமிழ் தெரிந்தவருக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. "படு" என்பது தானே செய்வது. "படுக்கவை" என்பது இன்னொன்றைச் செய்யவைப்பது. தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தது இங்கே அப்படியே உதவுகிறது. "லே" என்றால் எதை என்ற கேள்விக்கு வாக்கியத்தில் பதில் இருக்க வேண்டும்: முட்டையை, ட்ரேயை, செங்கல்லை. "லை" என்ற வினைக்கு அந்தக் கேள்வியே எழாது.

பண்ணையில் கிடைத்த அந்த ஒரு சொல் இன்னும் விரியும். "லே தி ஃபவுண்டேஷன் ஸ்டோன்" என்றால் அடிக்கல் நாட்டுவது. "லே ஆஃப்" என்றால் வேலையாட்களை நிறுத்துவது. "எ தின் லேயர் ஆஃப் டஸ்ட்" என்றால் மெல்லிய தூசிப்படலம். இங்கே லேயர் என்பது அடுக்கு.

மற்றப் பண்ணைச் சொற்களையும் இப்படியே பிரித்துப் பார்க்கலாம். ஹேச்சரிக்குள் "ஹேச்" என்ற வினை, அதாவது குஞ்சு பொரித்தல், இருக்கிறது. பிராய்லருக்குள் "பிராய்ல்", நேரடி அனலில் வாட்டுதல். செத்த கோழிகளின் கணக்கை எழுதும் "மார்ட்டாலிட்டி" என்ற சொல்லுக்குள் "மார்ட்டல்" இருக்கிறது: சாகும் தன்மை உடைய. அதற்கு முன்னால் ஓர் ஒட்டு சேர்ந்தால் "இம்மார்ட்டல்", அழிவில்லாத. நாமக்கல்லில் 1985-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் பாடநூல்களில் வரும் சொற்கள் பலவற்றைப் பண்ணையாட்கள் வெகுகாலமாகப் பேசி வருகிறார்கள். அவற்றின் வினைவடிவத்தைத் தேடிப் பார்ப்பதுதான் மீதி வேலை.

ஒரே சொல், வேறு வேறு பொருள்

திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் போர்வெல் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. அந்த ஊர்க்காரருக்கு "ரிக்" என்றால் துளையிடும் இயந்திரம். "தி ரிக் ஸ்டார்டட் டிரில்லிங் அட் டான்" என்றால், விடிகாலையில் ரிக் துளையிடத் தொடங்கியது. ஆனால் அவர் ஒரு செய்தித்தாளில் "தே ரிக்டு தி எலெக்‌ஷன்" என்று படித்தால் அங்கே இயந்திரத்துக்கு வேலையில்லை. தேர்தலில் மோசடி செய்தார்கள் என்று பொருள்.

"போர்" என்ற ஒலிக்கு இன்னும் அதிகப் பொருள்.

"தே போர்டு எ ஹோல் த்ரூ தி ராக்." பாறையில் துளை போட்டார்கள்.

"தி லாங் ஸ்பீச் போர்டு எவ்ரிஒன்." நீண்ட பேச்சு எல்லோருக்கும் சலிப்பூட்டியது.

"திஸ் ட்ரீ போர் நோ மேங்கோஸ் லாஸ்ட் இயர்." இந்த மரம் போன வருஷம் காய்க்கவில்லை.

மூன்றாவது வாக்கியத்தில் வருவது "பேர்" என்ற வினையின் இறந்தகாலம்; பொருள், தாங்குதல், காய்த்தல். சேலத்து மாந்தோப்புக்காரருக்கு இந்தப் பொருள் அவசியம். இரண்டாவது வாக்கியத்திலிருந்து இன்னொரு திருத்தமும் கிடைக்கிறது. வகுப்பில் சலிப்படைந்த மாணவர் "ஐ ஆம் போரிங்" என்றால், தான் பிறருக்குச் சலிப்பூட்டுபவர் என்று சொன்னதாகிவிடும். "ஐ ஆம் போர்டு" என்பதே சரி.

சேலம் நகரை ஒட்டிய சுண்ணாம்புக்கரடு போல் வெளுத்த குன்றுகளில் வெட்டியெடுக்கப்படும் மேக்னசைட், உலைகளின் உட்புறத்துக்கான செங்கல் செய்யப் பயன்படுகிறது. கடும் வெப்பத்துக்கும் உருகாத அந்தச் செங்கல்லை ஆலைக்காரர்கள் "ரெஃப்ராக்டரி" என்கிறார்கள். ஆங்கில நூல்களில் அதே சொல் மனிதருக்கும் வரும். "எ ரெஃப்ராக்டரி சைல்டு" என்றால் சொல்பேச்சுக் கேளாத, அடங்காத பிள்ளை. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: வளைந்துகொடுக்காமை. இப்படி அடிப்படைக் கருத்தைப் பிடித்துவிட்டால் இரண்டாவது பொருளுக்குத் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை. ரிக் போல அடிப்படை ஒன்றாக இல்லாத சொற்களுக்கு மட்டும் இரண்டு வாக்கியங்களைத் தனித்தனியாக எழுதிவைக்க வேண்டும்.

அகராதிக்காரர்கள் கண்ட வழி

பொருளை மட்டும் கொடுத்தால் போதாது என்பதை முதலில் உணர்ந்தவர்களில் முக்கியமானவர்கள், பிற நாடுகளில் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர்கள். ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அவரும் இரு தோழர்களும் தொகுத்த அகராதி 1942-ல் டோக்கியோவில் வெளியானது. ஒரு வினைச்சொல்லுக்குப் பின் எது வரலாம், எது வரக்கூடாது என்பதை வாய்பாடுகளாக வகுத்து எடுத்துக்காட்டுகளோடு கொடுத்தது அதன் சிறப்பு. 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் அதை மறுபடி வெளியிட்டது. இன்று மாணவர்கள் மேசையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி அதன் வழிவந்ததுதான்.

மைக்கேல் வெஸ்ட் வங்கத்தில், டாக்காவில் பணியாற்றியவர். 1935-ல் வந்த அவரது அகராதி, எல்லா விளக்கங்களையும் 1,490 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதியது. ஒரு சொல்லின் பொருளைப் பார்க்கப் போனவர், விளக்கத்தில் வரும் சொல்லுக்கும் பொருள் தேடி அலையக் கூடாது என்பது அவர் எண்ணம். 1987-ல் வந்த கோபில்டு அகராதி இன்னும் ஓரடி முன்னே சென்று, விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது.

தமிழிலும் இந்தப் பார்வைக்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1992-ல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, சொல்லுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தந்து, பயன்பாட்டைக் காட்டும் வாக்கியத்தையும் தருகிறது. தமிழில் தெரிந்த சொல்லுக்குச் சரியான ஆங்கிலம் தேடுபவர் முதலில் புரட்ட வேண்டிய நூல் இது.

தமிழ் உருபு ஏற்படுத்தும் சிக்கல்

"சேலத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்" என்று தமிழில் நினைக்கும்போது அந்தக் "கு" உருபு ஆங்கிலத்துக்கும் கூடவே வருகிறது. "வி ரீச்டு டு சேலம்" என்று எழுதிவிடுகிறார்கள். ரீச் என்ற வினைக்குப் பின் "டு" வராது.

"வி ரீச்டு சேலம் அட் சிக்ஸ்." ஆறு மணிக்குச் சேலம் போய்ச் சேர்ந்தோம்.

"அதைப் பற்றி விவாதித்தோம்" என்பதிலுள்ள "பற்றி" காரணமாக "டிஸ்கஸ் அபவுட்" வருகிறது. "வி டிஸ்கஸ்டு தி ஃபீட் ப்ரைஸ்" என்றால் போதும். "அறைக்குள் நுழைந்தார்" என்பதற்கு "ஷி என்டர்டு தி ரூம்", "இன்டு" வேண்டாம். ஒப்பந்தம் செய்துகொள்வதைச் சொல்லும்போது மட்டும் "தே என்டர்டு இன்டு அன் அக்ரிமென்ட்" என்று வரும். இதற்கு நேர்மாறாக, தமிழில் "பாட்டைக் கேட்டேன்" என்பது ஆங்கிலத்தில் "ஐ லிசன்டு டு தி சாங்" ஆகிறது. தமிழில் "ஐ" இருக்கும் இடத்தில் அங்கே "டு" வேண்டியிருக்கிறது.

தனிச்சொல்லாக "ரீச்: அடை" என்று படித்தவருக்கு இந்த விவரம் கிடைக்கவே கிடைக்காது. வாக்கியத்தோடு படித்தவருக்குத் தனி இலக்கணப் பாடம் இல்லாமலே கிடைத்துவிடும்.

கைமாற்று விஷயத்திலும் இதே கதை. தமிழில் கடன் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வாங்கு, கொடு என்று வினையை மாற்றுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இரண்டு வினைகள்.

"ஹி பாரோடு டென் தௌசண்ட் ருப்பீஸ் ஃப்ரம் ஹிஸ் நெய்பர்." பக்கத்து வீட்டுக்காரரிடம் பத்தாயிரம் கடன் வாங்கினார்.

"ஹிஸ் நெய்பர் லென்ட் ஹிம் டென் தௌசண்ட் ருப்பீஸ்." பக்கத்து வீட்டுக்காரர் அவருக்குப் பத்தாயிரம் கடன் கொடுத்தார்.

எந்தச் சொல்லோடு எந்த வினை சேரும் என்பதையும் வாக்கியம்தான் காட்டும். மாத்திரை சாப்பிடுவது "டேக் எ டேப்லெட்". கனவு காண்பது "ஹேவ் எ ட்ரீம்". லைட் போடுவது "டர்ன் ஆன் தி லைட்". தப்புப் பண்ணுவது "மேக் எ மிஸ்டேக்". வீட்டுப்பாடம் செய்வது "டூ ஹோம்வொர்க்". இவற்றை இணைச்சொற்களாகவே நோட்டில் எழுத வேண்டும்; பிரித்து எழுதினால் பயன் பாதியாகிவிடும்.

ஒட்டுகளைப் பிரித்தல்

சேலம் உருக்காலை 1981-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கிருந்து வரும் தகடுகளின் பெயர் "சேலம் ஸ்டெயின்லெஸ்". "ஸ்டெயின்" என்றால் கறை. "லெஸ்" என்றால் இல்லாத. இந்த ஒட்டைப் பிடித்துக்கொண்டால் கேர்லெஸ் (கவனமில்லாத), ஹார்ம்லெஸ் (தீங்கற்ற), ஹோம்லெஸ் (வீடற்ற), ஃபியர்லெஸ் (அஞ்சாத) எல்லாம் வரிசையாக விளங்கும். விதிவிலக்கு ஒன்றைக் குறித்துவைக்க வேண்டும்: "ப்ரைஸ்லெஸ்" என்றால் மதிப்பில்லாதது அல்ல, விலைமதிக்க முடியாதது. மதிப்பில்லாததற்கு "வொர்த்லெஸ்".

லாரித் தொழிலில் தினமும் பார்க்கும் சரக்குச் சீட்டில் "கன்சைனர்", "கன்சைனி" என்று இரு பெயர்கள் இருக்கும். சரக்கை அனுப்புபவர் முதலாமவர். யாருக்குப் போகிறதோ அவர் இரண்டாமவர். செய்பவருக்கு "அர்", அந்தச் செயல் யாருக்குச் சேர்கிறதோ அவருக்கு "ஈ". எம்ப்ளாயர் வேலை கொடுப்பவர், எம்ப்ளாயி வேலையில் இருப்பவர். ட்ரெயினர் பயிற்சி தருபவர், ட்ரெயினி பயிற்சி பெறுபவர். வங்கிப் பாஸ்புத்தகத்தில் எல்லோரும் பார்த்திருக்கும் "நாமினி" நியமிக்கப்பட்டவர். லாரி ஷெட்டில் கற்ற இந்த ஒட்டு வங்கித் தேர்வு வரைக்கும் உதவும்.

உள்ளூர் ஆங்கிலமும் வெளியூர் ஆங்கிலமும்

கையிருப்பில் உள்ள எல்லாச் சொல்லும் வெளியே அப்படியே செல்லாது. "எவர்சில்வர்" தமிழ்நாட்டில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்" என்றே எழுத வேண்டும். நமக்கு "ஹோட்டல்" என்றால் சாப்பாட்டுக் கடை. ஆங்கிலத்தில் அது தங்கும் விடுதி, சாப்பிடும் இடம் "ரெஸ்டாரண்ட்". "நோட்" என்றால் குறிப்பு. எழுதும் புத்தகம் "நோட்புக்". "கரண்ட் போச்சு" என்பதற்கு "தேர் இஸ் எ பவர் கட்".

சேகோ ஆலைக்காரர் இதில் கூடுதல் கவனம் காட்ட வேண்டும். சேலத்தில் மரவள்ளிச் செடியையே "டாபியோகா" என்கிறார்கள். உலகச் சந்தையில் செடிக்கும் கிழங்குக்கும் "கசாவா" என்றும், அதிலிருந்து எடுக்கும் மாவுக்கும் மணிக்கும் "டாபியோகா" என்றும் பெயர். "சேகோ" என்ற சொல் முதலில் தென்கிழக்கு ஆசியாவின் ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கும் மாவைக் குறித்தது. சேலத்து ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஏற்றுமதிக்கு எழுதும் கடிதத்தில் எந்தப் பொருளைச் சொல்கிறோம் என்பது ஐயமின்றி விளங்க, "சேகோ மேட் ஃப்ரம் கசாவா ஸ்டார்ச்" என்று முழுதாக எழுதிவிடுவது நல்லது.

நோட்டும் முட்டை ட்ரேயும்

தினம் ஐந்து சொற்கள் போதும். மைக்கேல் வெஸ்ட் 1953-ல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் சுமார் 2,000 தலைச்சொற்கள் உள்ளன. அன்றாட ஆங்கில எழுத்தின் பெரும்பகுதி இவற்றால் ஆனது. தினம் ஐந்து என்றால் 400 நாளில் இந்த எல்லையை எட்டலாம்.

கோடு போட்ட நோட்டில் ஒரு சொல்லுக்கு ஐந்து வரி. முதல் வரியில் சொல்லும் எழுத்துக்கூட்டலும். இரண்டாவதில், அந்த இடத்துக்குப் பொருந்தும் தமிழ்ப் பொருள் மட்டும். மூன்றாவதில், சொல்லைக் கண்ட வாக்கியம் அப்படியே. நான்காவதில், கற்பவர் தம் வீட்டை, வேலையை, ஊரை வைத்துத் தாமே எழுதும் வாக்கியம். ஐந்தாவதில், சொல்லின் உறவுகள்: வினையா, பெயரா, எந்த ஒட்டு, எந்த முன்னிடைச்சொல்.

எழுதியது மறக்கும். ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-ல் வெளியிட்ட ஆய்வில், மனப்பாடம் செய்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுவதையும், இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பதன் பயனையும் காட்டினார். 1970-களில் ஜெர்மனியின் செபாஸ்டியன் லைட்னர் இதற்கு ஐந்து அறைகள் கொண்ட சீட்டுப் பெட்டியைப் பரப்பினார். நாமக்கல்லில் அதற்குப் பெட்டி தேட வேண்டாம். 30 முட்டை பிடிக்கும் ட்ரேயில் ஐந்து வரிசையும் வரிசைக்கு ஆறு குழியும் உண்டு. ஒரு சீட்டின் முன்பக்கம் சொல், பின்பக்கம் பொருளும் வாக்கியமும் எழுதி, சுருட்டி முதல் வரிசைக் குழிகளில் போட வேண்டும். முதல் வரிசையைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, நான்காவதைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். வாக்கியத்தோடு சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த வரிசைக்குப் போகும். தடுமாறினால் மறுபடி முதல் வரிசைக்கு வரும். பொருள் மட்டும் நினைவிருந்து வாக்கியம் வரவில்லை என்றால் அது தடுமாற்றம்தான்.

சொல் எங்கே கிடைக்கும்

பள்ளி மாணவருக்கு முதல் இடம் பாடநூல். பொதுத்தேர்வில் ஒத்த பொருள், எதிர்ப்பொருள் கேட்கும் வினாக்கள் சொல்லை வாக்கியத்துக்குள் வைத்தே கேட்கின்றன. பாடத்தின் கடைசியில் உள்ள சொற்பொருள் பட்டியலை மட்டும் ஒப்பிப்பவர், அந்தச் சொல் பாடத்தில் வந்த வரியைத் தேடி அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்த இடம் வீடும் தொழிலும். தீவன மூட்டையின் மேல் அச்சாகியிருப்பது, தடுப்பூசிப் புட்டியின் குறிப்பு, உரப்பையின் எச்சரிக்கை, இ-வே பில் என எல்லாவற்றிலும் ஆங்கிலம் இருக்கிறது. "ஸ்டோர் இன் எ கூல், ட்ரை ப்ளேஸ்", "கீப் அவுட் ஆஃப் ரீச் ஆஃப் சில்ட்ரன்" என்ற இரண்டு வரிகளில் மட்டும் நோட்டுக்குப் போக வேண்டிய சொற்கள் நான்கைந்து உண்டு. முன்னே பார்த்த "ரீச்" இங்கே பெயர்ச்சொல்லாக, கைக்கெட்டும் தூரம் என்ற பொருளில் வருகிறது.

மூன்றாவது இடம் கதை. திருச்செங்கோட்டைச் சேர்ந்த எழுத்தாளர் பெருமாள்முருகனின் நாவல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. அநிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்த்த "பூக்குழி" நாவல், "பயர்" என்ற பெயரில் 2023-ல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. கதை நடக்கும் மண்ணும் மனிதர்களும் இந்த வட்டார வாசகருக்குத் தெரிந்தவை. தமிழில் ஓர் அத்தியாயம் படித்துவிட்டு அதே அத்தியாயத்தை ஆங்கிலத்தில் படித்தால், தெரியாத சொல்லின் பொருளைப் பெரும்பாலும் அகராதி இல்லாமலே ஊகிக்கலாம். கொங்குச் சொல் புரியாவிட்டால், அவரே தொகுத்து 2000-ல் வெளியிட்ட கொங்கு வட்டாரச் சொல்லகராதி இருக்கிறது.

பயிற்சி

இன்று மாலை வீட்டில் அப்பாவிடமோ அம்மாவிடமோ தாத்தாவிடமோ உட்கார்ந்து, அவர்கள் வேலையில் புழங்கும் ஆங்கிலச் சொற்களைக் கேட்டுப் பத்தை எழுதிக்கொள்ளுங்கள். தறி, பண்ணை, லாரி, சேகோ, கொலுசுப் பட்டறை என எந்தத் தொழிலானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் அகராதியில் எழுத்துக்கூட்டல், வினைவடிவம், இன்னொரு பொருள், ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் ஆகிய நான்கையும் தேடுங்கள். பிறகு உங்கள் ஊர்ப் பெயர் வரும்படி ஒவ்வொரு சொல்லுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதி, ஆங்கில ஆசிரியரிடம் திருத்தி வாங்குங்கள். திருத்திய பத்து வாக்கியங்களையும் சீட்டில் எழுதி ட்ரேயின் முதல் வரிசையில் போட்ட பிறகே அடுத்த அத்தியாயத்துக்குப் போங்கள்.